பிள்ளைங்க பராமரிப்புப் பணத்துக்கான புது ஏற்பாடு எப்படி இருக்கு: பக்கத்துல இருந்து பாக்குறவளோட ரிவியூ

பிரியாணிக் கடைக்கு ரிவியூ இருக்கு, ஏர்கான் சர்வீஸ் பண்றவருக்கு ரிவியூ இருக்கு, ஆனா அரசாங்கம் தர்ற சேவைக்கு மட்டும் யாரும் நம்ம பாஷையில உருப்படியா எழுத மாட்டேங்கறாங்க, வாட்ஸ்அப்ல வர்றதெல்லாம் பாதி வதந்தி பாதி வயித்தெரிச்சல். அதனால நானே எழுதிடறேன். சிங்கப்பூர்ல வடக்குப் பக்கம் ஒரு குடும்பச் சேவை நிலையத்துல கேஸ் வொர்க்கரா இருக்கேன், எந்த நிலையம்னு கேக்காதீங்க. நான் கோர்ட்டு ஆளும் கிடையாது வக்கீலும் கிடையாது. கோர்ட்டுக்குப் போற அம்மாக்களுக்கு (சில நேரம் அப்பாக்களுக்கும்) ஃபைல் அடுக்கிக் குடுத்து, ஃபாரம் படிச்சுக் காட்டி, சில சமயம் கூடவே போய் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கற ஆளு. கீழ சொல்ற ஆட்களோட அடையாளமெல்லாம் மாத்திட்டேன், ரெண்டு மூணு பேர் கதைய ஒண்ணா கலந்திருக்கேன், யாரு யாருன்னு கண்டுபிடிக்க டிரை பண்ண வேண்டாம்.

ரிவியூ பண்ணப் போறது 2025 ஜனவரி 16ல இருந்து நடைமுறைக்கு வந்த பராமரிப்பு அமலாக்க ஏற்பாட்டைத்தான், அதாவது பிள்ளை செலவுக்குக் கட்டச் சொல்லி கோர்ட்டு உத்தரவு போட்டும் அம்மாவோ அப்பாவோ கட்டலன்னா கட்ட வைக்கற வழி. சட்ட அமைச்சுக்குக் கீழ அதிகாரிங்க இருக்காங்க, மெயின்டனன்ஸ் என்ஃபோர்ஸ்மென்ட் ஆபீசர்னு பேரு, நாங்க சுருக்கமா எம்இஓன்னு சொல்லுவோம். என்னோட மார்க்கு 5க்கு மூன்றரை. ஏன் அஞ்சு இல்ல, ஏன் ரெண்டும் இல்லன்னு சொல்றேன்.

முதல்ல ஒண்ணு தெளிவு பண்ணிடறேன், ஏன்னா ஏமாற்றம் முக்கால்வாசி இங்கதான் ஆரம்பிக்குது. இது பணம் குடுக்குற ஆபீஸ் இல்ல. "அரசாங்கம் இப்போ அவர்கிட்ட இருந்து வாங்கி மாசாமாசம் நமக்குப் போடுமாமே அக்கா"ன்னு கேட்டுட்டு வர்றாங்க. இல்லம்மா. இங்கிலாந்துலயும் ஆஸ்திரேலியாவுலயும் தனி அரசாங்க ஆபீஸ் இருக்கு, வருமானத்தப் பாத்து, பிள்ளை எத்தனை பேர், யாரு வீட்டுல எத்தனை ராத்திரி தங்குதுன்னு பாத்து ஃபார்முலா போட்டு தொகை சொல்லிடுவாங்க, தேவைப்பட்டா அவங்களே வசூல் பண்ணி அனுப்புவாங்க. மெல்பர்ன்ல இருக்கற என் சித்தி பொண்ணு இத சொல்றப்போ எனக்கே கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கும். இங்க அப்படி ஃபார்முலா கிடையாது. மாதர் சாசனம்ங்கற குடும்பச் சட்டத்துப்படி பெத்தவங்க ரெண்டு பேருக்கும் பிள்ளைய பராமரிக்குற கடமை இருக்கு, கல்யாணம் ஆகாம பொறந்த பிள்ளையா இருந்தாலும் அதே கடமைதான் (இது பலருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களும் வெக்கப்பட்டு கேக்க மாட்டாங்க). எவ்வளவுன்னு கோர்ட்டுதான் முடிவு பண்ணும், பிள்ளையோட தேவை, ரெண்டு பேரோட வருமானம், இது வரைக்கும் எப்படி வளந்துச்சு எல்லாம் பாத்து. அந்த ஆர்டர் வந்தப்பறம் கட்ட வேண்டியவர் (நான் பாக்கற கேஸ்ல பெரும்பாலும் அப்பா, அதனால இனிமே "அவர்"னே சொல்றேன்) கட்டலன்னா அப்பதான் இந்த எம்இஓ கதை வருது. ஆர்டரே இல்லாம நேரா இங்க வந்து நிக்க முடியாது.

சரி, முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் இப்போ என்ன நல்லதுன்னு புரியும்.

முன்னாடி அவர் கட்டலன்னா நீங்கதான் கோர்ட்டுல விண்ணப்பம் போடணும், அவருக்கு சம்மன் போகணும், அவர் வரணும், வந்தா சமரசப் பேச்சு, அது சரிப்படலன்னா விசாரணை, விசாரணையில அவர் "வேலை இல்ல, கையில காசு இல்ல"ன்னு சொன்னா அது பொய்னு காட்டற மாதிரி ஏதாவது நீங்கதான் கொண்டு வரணும். திருட்டுக் குடுத்தவளே திருடன் வீட்டு அட்ரஸ கண்டுபிடிச்சு எழுதிக் குடுன்னு சொல்ற மாதிரி. வக்கீல் வச்சுக்க வசதி இல்லாத பொம்பளை, ஷிஃப்ட்டு வேலை, சின்னப் பிள்ளை, அவ எங்க போயி அந்த ஆளோட பேங்க் கணக்கப் பாப்பா? அதனால என்ன பண்ணுவாங்கன்னா எல்லாரும் துப்பறியற வேலையில இறங்கிடுவாங்க. ஒரு அக்கா எங்கிட்ட கொண்டு வந்த ஃபைல நான் மறக்கவே மாட்டேன். நாத்தனாரோட ஃபேஸ்புக்குல இருந்து எடுத்த ஸ்கிரீன்ஷாட்டு, டிக்டாக்ல அவர் புது பைக்கு பக்கத்துல நிக்கறது, ஜொகூர்ல ஒரு ரெஸ்டாரண்டுல குடும்பத்தோட சாப்பிடறது, யாரோ தைப்பூசத்தன்னிக்கு எடுத்த வீடியோவுல அவர் கையில இருக்கற வாட்சு மேல பேனாவால வட்டம் போட்டிருந்தாங்க. ஒவ்வொண்ணும் ஏ4 பேப்பர்ல கலர் பிரிண்டு, அதுக்கே எவ்வளவு செலவு பண்ணியிருப்பாங்களோ. அந்த வாட்ச வச்சு யாரு என்ன நிரூபிக்க முடியும் சொல்லுங்க? ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னே தெரியாது. ஆனா அந்த அக்காவுக்கு வேற வழி இல்ல, ஆள் எங்க வேலை பாக்குறார்னே தெரியாது, அத யாருகிட்ட கேக்கறதுன்னும் தெரியாது.

புது ஏற்பாட்டுல மாறினது இதுதான், மத்த சின்ன மாற்றமும் இருக்கு, ஆனா என்னைப் பொறுத்த வரைக்கும் பெரிய மாற்றம் இது ஒண்ணுதான். தேடுற வேலை உங்க தலையில இருந்து அதிகாரி தலைக்குப் போயிருச்சு. 2023 மே மாசம் பார்லிமென்டுல நிறைவேத்தின சட்டத்துல எம்இஓவுக்கு அதிகாரம் குடுத்திருக்காங்க, ரெண்டு தரப்புகிட்டயும் வருமானம் சொத்து விவரம் கேக்கலாம், அதோட நிக்காம வங்கிகள், மத்திய சேம நிதிக் கழகம் (மசேநி, சிபிஎஃப்னும் சொல்லுவோம், சம்பளத்துல இருந்து ஓய்வுக்காலத்துக்குச் சேக்கற பணம் அங்கதான்), வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மாதிரி இடங்கள்ல இருந்தும் நேரா விவரம் வாங்கலாம். மசேநியில மாசாமாசம் பணம் கட்டறது எந்த முதலாளின்னு தெரிஞ்சா வேலை இல்லைன்னு சொல்றது அங்கயே முடிஞ்சுது. பேங்க்குல என்ன இருக்குன்னு தெரிஞ்சா மீதியும் முடிஞ்சுது. வாட்சு மேல வட்டம் போட வேண்டியதில்ல.

அப்பறம் அதே அதிகாரி ரெண்டு பேரையும் வச்சு பேசிப் பாப்பாங்க. இந்தப் பேச்சு பழைய சமரசப் பேச்சு மாதிரி இல்லைன்னு நான் சொல்லுவேன், காரணம், மேசையில உண்மையான கணக்கு இருக்கு. கணக்கு தெரியாம பேசறப்போ யாரு நல்லா அழறாங்களோ யாரு நல்லா பேசறாங்களோ அவங்க பக்கம் சாயும், நான் சமூக வேலையில இத்தனை வருஷமா பாத்தது இது. கணக்கு தெரிஞ்சு பேசறப்போ "மாசம் இவ்வளவு வருது, இவ்வளவு போகுது, மிச்சம் இவ்வளவு இருக்கே சார்"னு ஒரு வரியில பேச்சு தரைக்கு வந்துடும். பேசியும் ஒத்து வரலன்னா அதிகாரி கண்டுபிடிச்சத ரிப்போர்ட்டா கோர்ட்டுக்குக் குடுப்பாங்க, முடிவு ஜட்ஜு கையில. அந்த ரிப்போர்ட்டுல முக்கியமான விஷயம் கட்ட முடியாதவர் யாரு, கட்ட மனசில்லாதவர் யாருன்னு பிரிச்சுக் காட்டறது. நிஜமாவே முடியாதவருக்கு உதவி கிடைக்கற பக்கம் வழி காட்டலாம். மனசில்லாதவருக்குத்தான் மத்த மருந்தெல்லாம்.

இன்னொரு விஷயம், நம்மாளுங்க கேட்டா திடுக்குனு ஆகுறது. உங்க கணக்கையும் கேப்பாங்க. "நான்தானே பாதிக்கப்பட்டவ, என் பேங்க் புக்க எதுக்கு?"ன்னு ஒருத்தங்க எங்கிட்ட கோவிச்சுக்கிட்டு ரெண்டு வாரம் ஃபோனே எடுக்கல. நியாயம்தான் அவங்க கோவம், ஆனா கேக்கறதும் நியாயம்தான், ரெண்டு பேருக்கும் கடமைன்னு சட்டம் சொல்றப்போ ஒரு பக்கத்த மட்டும் பாத்து ரிப்போர்ட் எழுத முடியாது. சீட்டுப் பணம் வந்தது, அண்ணன் அனுப்பினது, வீட்டுல கேக் செஞ்சு வித்த காசு, எல்லாத்துக்கும் என்ன ஏதுன்னு ஒரு பேப்பர்ல குறிச்சு வச்சுக்கங்க, கேட்டா சொல்லிடலாம், பதறினாத்தான் தப்பா தெரியும்.

இப்போ ஏன் மார்க்கு குறைச்சேன்னு வர்றேன்.

ஒண்ணு, எல்லாக் கேஸும் ஒரே நாள்ல இந்தப் புது வழிக்கு வந்துடல, கட்டம் கட்டமாத்தான் கொண்டு வர்றாங்க. அதனால உங்க பக்கத்து ப்ளோக் அக்காவுக்கு நடந்த மாதிரியே உங்களுக்கும் நடக்கும்னு நினைச்சுப் போகாதீங்க, விண்ணப்பம் போடற நேரத்துல உங்க கேஸ் எந்த வழியில போகுதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. ஏற்பாடு புதுசு, அதிகாரிங்க எண்ணிக்கை ஒரே ராத்திரியில வளந்துடாதுன்னு எனக்கும் புரியுது, ஆனா இந்தக் குழப்பத்துல அடிபடறது ஏற்கனவே குழம்பிப் போயிருக்கறவங்கதான்.

ரெண்டாவது, அதிகாரிக்குத் தெரியறது எங்கயோ பதிவான பணம் மட்டும்தான். பேங்க்குக்கே போகாத காசு? கையில் வாங்கற கூலி, மச்சான் கடையில நின்னு பாக்குற வேலை, வாரக் கடைசியில வீடு மாத்தற லாரியோட போறது, இதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டர்லயும் இருக்காது. நான் பாக்கற கேஸ்கள்ல ரொம்ப சிக்கலானது இந்த மாதிரி ஆளுங்க வர்ற கேஸ்தான், மாசச் சம்பளக்காரர் இல்ல. சம்பளக்காரர பிடிக்கறது சுலபம், சம்பளத்துலயே பிடிச்சு நேரா அனுப்பச் சொல்லி முதலாளிக்கு கோர்ட்டு உத்தரவு போடலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச உத்தரவு இதுதான், அவர் கைக்குப் போறதுக்கு முன்னாடியே பிள்ளைக்கு வந்துடும், மாசாமாசம் மெசேஜ் போட்டு கெஞ்ச வேண்டாம். ஆனா வேலைய விட்டுட்டா? திரும்ப முதல்லேர்ந்து. இன்னொண்ணு, அவரோட மசேநியில எவ்வளவு இருந்தாலும் அதுல கை வைக்க முடியாது, சட்டப்படி கடன்காரங்க யாரும் தொட முடியாத பணம் அது. "அவருக்கு சிபிஎஃப்ல லட்சக்கணக்குல இருக்கே"ன்னு கேக்கறவங்ககிட்ட இத சொல்றப்போ அவங்க மூஞ்சிய பாக்கணுமே.

மூணாவது, நேரம். எவ்வளவு வேகமா நடந்தாலும் விவரம் வரணும், பேசணும், தேவைப்பட்டா ஜட்ஜு முன்னாடி போகணும். பிள்ளைக்கு நாளைக்குக் காலையில ஸ்கூல் பஸ் காசு கட்டணும். இந்த இடைவெளிக்கு இந்த ஏற்பாட்டுல எதுவும் கிடையாது, அதுக்கு வேற கதவு தட்டணும். சமூக சேவை அலுவலகத்துல காம்கேர்ங்கற அரசாங்கப் பண உதவி கேக்கலாம் (1800-222-0000, இத ஃபோன்ல சேவ் பண்ணிக்கங்க), பிள்ளையோட பள்ளியில நிதி உதவித் திட்டம் கேக்கலாம், இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுல டியூஷன்லேர்ந்து குடும்ப ஆலோசனை வரைக்கும் உண்டு, பீட்டி ரோட்டுல இருக்கற அவங்க ஆபீசுக்கு நேராவே போகலாம். நம்ம சம்பளத்துல மாசாமாசம் சிண்டாவுக்குப் பிடிக்கறாங்கல்ல, கேக்கறதுக்கு என்ன கூச்சம்.

கூச்சம்னு சொன்னதும் ஞாபகம் வருது, நம்ம தமிழ்க் குடும்பங்கள்ல இந்தக் கேஸ் ஏன் இவ்வளவு முத்திப் போயி வருதுன்னு. மத்த இனத்துலயும் இருக்கும், நான் பாக்கறத சொல்றேன். முதல் மாசம் வரலன்னா "பாவம், என்ன கஷ்டமோ" அப்படீன்னு விடுவாங்க. அப்பறம் பெரியவங்க உள்ள வருவாங்க. மாமனார் ப்ளோக்குக்குக் கீழ இருக்கற வாய்ட் டெக்குல உக்காந்து "கோர்ட்டு கேசுன்னு போனா வெளிய தலை காட்ட முடியாதும்மா, நான் அவன்கிட்ட பேசறேன்"னு சொல்லுவார், பாவம் அவர் நல்ல மனுஷன்தான், தன் பென்ஷன் காசுலயே ஐம்பதோ நூறோ வெள்ளி (டாலர்) கொண்டு வந்து குடுப்பார். இவ அதை வாங்கிக்குவா, வேண்டாம்னு சொல்லவும் முடியாது. அப்படியே ரெண்டு தீபாவளி போயிடும். அப்பறம் ஒரு நாள் பாத்தா பாக்கி மலை மாதிரி நிக்கும், அவரோ "எங்க அப்பா கையில குடுத்து விட்டேனே"ன்னு சொல்லுவார். அங்கதான் கேஸ் சிக்கலாகுது. ரொம்ப வருஷம் தூங்க விட்ட பாக்கிய கேக்கறதும் கஷ்டம். ரெண்டு மூணு மாசம் வரலன்னாலே வாங்க, பாக்கி சின்னதா இருக்கறப்போ பேசி முடிக்கறது ரெண்டு பக்கத்துக்கும் சுலபம், அவருக்கும் அது மலையா தெரியாது.

கையில குடுத்து விட்ட கதைக்கு வருவோம். தயவு செஞ்சு பராமரிப்புப் பணத்த ரொக்கமா வாங்காதீங்க, குடுக்காதீங்க. பேநவ்ல (ஃபோன் வழியா பேங்க் கணக்குக்கே அனுப்பறது) போடச் சொல்லுங்க, போடறப்போ கமென்ட்ல "ஜூன் மாசம் பிள்ளை செலவு"ன்னு ஒரு வரி போடச் சொல்லுங்க, முடிஞ்சா இதுக்குன்னே தனி சேமிப்புக் கணக்கு வச்சுக்கங்க. அவர் வேற எதுக்கோ அனுப்பின இருபது வெள்ளி, கடன் திருப்பிக் குடுத்தது எல்லாம் கலந்து கிடந்தா யாருக்கும் தலையும் புரியாது வாலும் புரியாது. கோர்ட்டு ஆர்டரோட நகல், எந்த மாசம் எவ்வளவு வரணும் எவ்வளவு வந்துச்சுன்னு ஒரு பக்கத்துல கட்டம் போட்ட கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட், அவரோட கடைசியா தெரிஞ்ச அட்ரஸ், வேலை இடம். இவ்வளவு இருந்தா போதும். கட்டம் போட்ட கணக்க நான் எல்லாருக்கும் உக்காந்து போட்டுக் குடுப்பேன், எக்செல் கூட வேண்டாம், பாப்புலர் புக்கடையில வாங்கின நோட்டு போதும், இடது பக்கம் மாசம், நடுவுல வர வேண்டியது, வலது பக்கம் வந்தது. அந்த வலது பக்கம் வரிசையா காலியா இருக்கறத பாத்தா யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

தொகைய ஏத்தணும்னோ முதல் தடவ ஆர்டர் கேக்கணும்னோ போறவங்களுக்கு ரசீதும் வேணும். இங்க ஒரு சின்ன விஷயம், சின்னதுதான் ஆனா பலபேர கவுத்துடுது. ஒரு அம்மா ஒரு மைலோ டின்னு நிறைய ரசீது கொண்டு வந்து என் டேபிள்ல கொட்டினாங்க, ஃபேர்பிரைஸ், பாலிகிளினிக், ஸ்கூல் புக்கடை, ஷூ, எல்லாம் தேதி வாரியா ரப்பர் பேண்டு போட்டு. எடுத்துப் பாத்தா மேல இருந்த நாலஞ்சு தவிர மத்ததெல்லாம் வெள்ளைப் பேப்பர். இந்த ரசீது பேப்பர் ரொம்ப நாள் வெக்கையில இருந்தா எழுத்து மங்கிப் போற டைப்பு, டின்ன அடுப்புக்கு மேல ஷெல்ஃபுல வச்சிருந்திருக்காங்க. ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிச்சா "மொத்தம்"ங்கற எழுத்தோட நிழல் மாதிரி ஏதோ தெரியும், எவ்வளவுன்னு தெரியாது. வாங்கின அன்னிக்கே ஃபோன்ல ஒரு படம் எடுத்துருங்க, மாசத்துக்கு ஒரு ஃபோல்டர். அவ்வளவுதான்.

விண்ணப்பம் ஆன்லைன்லதான், சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைக்கு உள்ள நுழையற கணக்கு) வேணும், ஃபாரமெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும். இங்கிலீஷ் வராதவங்களுக்கு இங்கதான் முதல் சுவர். அதுக்காக ஏஜென்டுகிட்ட காசு குடுத்து நிரப்பச் சொல்லாதீங்க, உங்க பக்கத்துக் குடும்பச் சேவை நிலையத்துக்கு வாங்க, நாங்க உக்காந்து படிச்சுச் சொல்றோம், அதுக்கு காசு கிடையாது. ஒருத்தர், பேரு வேண்டாம், ஃபாரம் நிரப்பித் தர்றேன்னு ஒரு அம்மாகிட்ட நல்லா கறந்துட்டு கணவரோட அடையாள அட்டை நம்பரயே தப்பா போட்டிருந்தார், அதக் கண்டுபிடிச்சு சரி பண்றதுக்குள்ள எனக்குத் தலைவலி வந்துருச்சு. கோர்ட்டுக்குள்ள தமிழ் மொழிபெயர்ப்பாளர் உண்டு, வேணும்னு முன்னாடியே சொல்லிடுங்க, பந்தாவுக்காக இங்கிலீஷ்ல பேசப் போயி பாதிக்கு "யெஸ் யெஸ்"னு தலையாட்டிட்டு வெளிய வந்து "அக்கா, அவங்க என்ன சொன்னாங்க"ன்னு கேக்கறவங்கள எனக்கு நல்லாத் தெரியும். குடும்ப நீதிமன்றம் ஹேவ்லாக் ஸ்குவேர்ல, சைனாடவுன் எம்ஆர்டில இறங்கி நடக்கற தூரம்தான், சாப்பாட்டுக்கு பீப்பிள்ஸ் பார்க் பக்கம் போகலாம், ஆனா டென்ஷன்ல யாருக்கும் சாப்பாடு இறங்காது, கோப்பி மட்டும் குடிச்சுட்டு வந்துடுவோம்.

இப்போ எல்லாரும் ஆசையா கேக்கற கேள்வி, "அவர உள்ள போடுவாங்களா?" போடலாம். கட்டாத ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு மாசம் வரைக்கும் சிறை விதிக்க சட்டத்துல இடம் இருக்கு. உள்ள போயிட்டு வந்தா கடன் கழிஞ்சுதுன்னும் கிடையாது, பாக்கி பாக்கிதான், கோர்ட்டு பாத்து குறைச்சாலொழிய. அதுக்கு முன்னாடி வேற பலதும் இருக்கு: அபராதம் மாதிரி வசூல், பேங்க்குல இருக்கற பணத்துல இருந்து எடுக்கறது, வங்கி உத்தரவாதம் கேக்கறது, 40 மணி நேரம் வரை சமூக சேவை, பணத்த நிர்வாகம் பண்ண கவுன்சலிங். புதுசா ஒண்ணு சேத்திருக்காங்க, குறிப்பிட்ட தேதிகள்ல கட்டினதுக்கு ஆதாரம் கொண்டு வந்து காட்டணும், காட்டலன்னா சிறைன்னு முன்னாடியே உத்தரவுல எழுதி வச்சிடறது. இது நல்ல ஐடியா. நான் பாத்த வரைக்கும் அம்மாக்கள்ல யாரும் நிஜமா அவர் ஜெயிலுக்குப் போகணும்னு விரும்பல, கோவத்துல சொல்லுவாங்க, "உள்ள கெடந்து சாகட்டும்"னு, ஆனா பிள்ளை ஸ்கூல்ல "எங்க அப்பா எங்க"ன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு அடுத்த நிமிஷமே அழுவாங்க. உள்ள போனா வேலை போகும், வேலை போனா பணம் எங்கிருந்து வரும்? கத்தி தலைக்கு மேல தொங்கணும், ஆனா விழக்கூடாது, அந்த வகையில தேதி போட்டு ஆதாரம் காட்டச் சொல்றது ரொம்ப பொருத்தம்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் ரெண்டு பக்கமும் திட்டுவேன். பணம் கட்டலன்னா பிள்ளைய காட்ட மாட்டேன்னு அம்மா, பிள்ளைய காட்டலன்னா பணம் கட்ட மாட்டேன்னு அப்பா. ரெண்டும் தனித்தனி ஆர்டர், ஒண்ண காட்டி இன்னொண்ண நிறுத்த முடியாது. எம்இஓகிட்ட போயி "அவ பாக்க விட மாட்டேங்கறா சார்"னு ஆரம்பிச்சா அது அவங்க வேலை இல்ல, அதுக்கு வேற விண்ணப்பம் இருக்கு. சண்டையில சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளை பைய மாட்டிக்கிட்டு கீழ லிஃப்ட்டு பக்கத்துல நிக்கும், யாரும் வர மாட்டாங்க.

அப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை, இந்த ரிவியூ அவங்களுக்கு எதிரா எழுதினது இல்ல. வேலை போயிடுச்சா, உடம்பு முடியலயா, இன்னொரு குடும்பம் வந்துடுச்சா, அதுக்காக நீங்களா ஒரு முடிவு எடுத்து ஐநூறு வெள்ளிய இருநூறா குறைச்சுக்க முடியாது. ஆர்டர மாத்தித் தரச் சொல்லி கோர்ட்டுலயே விண்ணப்பம் போடணும், மாத்தற வரைக்கும் பழைய தொகை ஏறிக்கிட்டேதான் இருக்கும். ரிட்ரெஞ்ச்மென்ட் லெட்டர் கையில வந்த வாரமே போங்க. எங்கிட்ட வந்த ஒரு டிரைவர் அண்ணன் முதுகு ஆபரேஷனுக்கப்பறம் எட்டு மாசம் வீட்டுல கிடந்திருக்கார், மெடிக்கல் லீவ் பேப்பர் எல்லாம் இருக்கு, எதையும் யாருகிட்டயும் காட்டல, "அவளுக்கே தெரியுமே"ன்னு இருந்துட்டார். அவளுக்குத் தெரிஞ்சது கோர்ட்டுக்குத் தெரியாது. புது ஏற்பாடு இந்த மாதிரி ஆளுக்கு நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன், இவர் ஒளிக்கல, நிஜமாவே வருமானம் இல்லன்னு பேங்க் கணக்கே சாட்சி சொல்லும், மனசில்லாதவரோட சேத்து ஒரே தட்டுல வைக்க மாட்டாங்க.

எங்க மாதிரி கேஸ் வொர்க்கருங்க பக்கமிருந்து ஒரு குறை, இத வேணும்னா அரை மார்க்கு குறைச்சதுக்குக் காரணமா வச்சுக்கங்க. விவரம் எல்லாம் விண்ணப்பதாரருக்கும் அதிகாரிக்கும் நடுவுல, நாங்க வெளி ஆளு, அது சரிதான், ரகசியம் ரகசியமா இருக்கணும். ஆனா நடைமுறையில அந்த அம்மா எதையும் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க, "ஏதோ லெட்டர் வந்துச்சு, ஏதோ தேதி சொன்னாங்க"ன்னு வருவாங்க, நான் அவங்க ஃபோன வாங்கி ஈமெயில்ல ஜங்க் ஃபோல்டர் வரைக்கும் தோண்டணும். வர்ற ஈமெயில், எஸ்எம்எஸ் எதையும் அழிக்காதீங்க. ஃபோன் நம்பர் மாத்தினா உடனே சொல்லுங்க. தெரியாத நம்பர்னு எடுக்காம விடறீங்க, மோசடிக்காரனோன்னு பயம், புரியுது, அப்போ நீங்களே சட்ட அமைச்சோட இணையப் பக்கத்துல இருக்கற நம்பர பாத்து திரும்பக் கூப்பிடுங்க.

யாருக்கு இத சிபாரிசு பண்ணுவேன்: ஆர்டர் கையில இருக்கு, அவருக்கு மாசச் சம்பளமோ பேங்க்குல காசோ இருக்குன்னு தெரியும் ஆனா நிரூபிக்க முடியல, திரும்பத் திரும்ப கோர்ட்டுக்கு அலைஞ்சு அலுத்துப் போச்சு, அப்படிப்பட்டவங்களுக்கு கண்ண மூடிட்டு. ரொக்கத்துலயே வாழற ஆளோட கேஸ்னா எதிர்பார்ப்ப குறைச்சுக்கிட்டுப் போங்க, போக வேண்டாம்னு சொல்லல. பிள்ளைக்கு 21 நெருங்குதுன்னா இன்னும் சீக்கிரம், பொதுவா அந்த வயசோட ஆர்டர் முடிஞ்சுரும், படிச்சுக்கிட்டோ தேசிய சேவையிலயோ இருந்தாலோ உடல் மன குறைபாடு இருந்தாலோ தொடரச் சொல்லிக் கேக்க வழி உண்டு, ஆனா அது தானா தொடராது, நீங்கதான் கேக்கணும். போலிடெக்னிக் ரெண்டாம் வருஷம் படிக்கற பையனோட வந்து "போன மாசமே நின்னு போச்சு அக்கா, அவ்வளவுதானா"ன்னு கேட்டவங்க இப்போதான் ஃபாரம் நிரப்பிக்கிட்டு இருக்காங்க, வியாழக்கிழமை மிச்சப் பேப்பரோட வர்றேன்னு சொல்லியிருக்காங்க.